இரண்டு பிரேக் கார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு ஹேர் டிரையரில் ஆரம்பித்தது.

எங்கள் கடற்கரை ஊரான முஸ்தகானத்தில் ஆகஸ்ட் மாதக் காலையில் யாரும் ஹேர் டிரையர் போடமாட்டார்கள். அதற்குத்தான் வெயில் இருக்கிறதே. ஆனால் என் சன்னலுக்குக் கீழே, தெருவில், உர்ரென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். எங்கள் சந்தின் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸுபைர், தன் காரின் கதவுக்குத் தலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

[கதவுக்குத் தலை கிடையாது. தவறான வாக்கியம். ஆனால் மேலிருந்து பார்க்க அப்படித்தான் இருந்தது. இருக்கட்டும்.]

நான் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு மனிதன் தெருவில் குனிந்து காரைத் தேய்த்தால், எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி கேட்கும். பெரும்பாலும் தப்பாகக் கேட்கும். இந்த முறை சரியாகக் கேட்டது. ஸுபைர் ஒன்றை மறைக்கத்தான் பார்த்தார். தேய்க்கத் தேய்க்க அது பளிச்சென்று வெளியே வந்தது. அவ்வளவுதான் கதை. இனி அதை எழுத வேண்டும்.

2

முதல் ஆரம்பம்:

“அந்தக் கறை அவ்வளவு சுலபத்தில் போகாது என்று ஸுபைருக்குத் தெரியும். கதவை மறுபடி தேய்த்தார். அப்போது அவருக்குப் பின்னால், ஓசையில்லாமல், ஒரு நிழல் —”

அடித்துவிட்டேன். கறை என்பது ஸ்டிக்கர் பசை. நிழல் அவருடைய தங்கை ஹூரியாவுடையது. ஓசையில்லாமல் வருகிற வழக்கமும் ஹூரியாவுக்குக் கிடையாது.

இரண்டாவது ஆரம்பம்:

“மனிதன் தன் வாகனத்தை ஏன் துடைக்கிறான்? ஒட்டகத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டிய முதல் ஆசாமியிடம் போய்க் கேட்டால் —”

எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

“வசீலாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், ஸுபைர் தன் காரிலிருந்து தன் பெயரை உரிக்க ஆரம்பித்தார்.”

இது நிற்கும். இதில் ஏறிக்கொள்ளுங்கள்.

3

வசீலாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், ஸுபைர் தன் காரிலிருந்து தன் பெயரை உரிக்க ஆரம்பித்தார்.

அவருடைய பெயர் என்றால் பள்ளியின் பெயர். ‘நவ்ரஸ் டிரைவிங் ஸ்கூல்’. நவ்ரஸ் என்றால் கடற்புறா. வலப்பக்கக் கதவுகளில் அரபியில், இடப்பக்கக் கதவுகளில் பிரெஞ்சில். பானெட்டில் சிறகு விரித்த ஒரு கடற்புறாவின் படம். டிக்கியில், இரண்டு மொழியிலும்: ‘இடைவெளி விடுங்கள், கற்றுக்கொள்கிறார்கள்.’ பள்ளிக்கு இருப்பது இந்த ஒரே ஒரு நீலக் கார்தான். ஆசிரியர், முதலாளி, பியூன் எல்லாம் ஸுபைர்தான்.

வசீலா அவருடைய தங்கை மகள். அவளுடைய அப்பா கப்பலில் போனவர், திரும்பவேயில்லை என்று எழுதினால் நீங்கள் கைக்குட்டை தேடுவீர்கள். தேட வேண்டாம். அந்த மனுஷன் கடல் தாண்டி மார்ஸே நகரத்தில் வேறொரு குடும்பத்தோடு கொழுகொழுவென்று இருக்கிறார். வசீலாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், கூட்டிவந்ததும், காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இந்த நீலக் கார். ஓட்டக் கற்றதும் இதில்தான். லைசென்ஸ் பரீட்சையில் தோற்று, பின்சீட்டில் படுத்து அழுததும் இதில்தான். அப்படி அழுத ஒருநாளில்தான் ஸுபைர் அவளைச் சிரிக்கவைக்க, “லைசென்ஸ் கிடைக்கலைன்னா என்ன, கல்யாணத்தன்னிக்கு உன்னை இதே கார்ல ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவைத்தார். அவள் பிடித்துக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், மணப்பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து கார் வருவதுதான் வழக்கம். வருவதும் சாதாரணக் கார் இல்லை. பக்கத்துப் பெருநகரமான ஒரானிலிருந்து, வாடகைக்கு எடுத்த நீள வெள்ளைக் கார்.

“மாமா கார்லதான் போவேன்,” என்று வசீலா ஒரே பிடியாக நின்றாள்.

ஹூரியா இரண்டு நாள் அழுதாள். ஒரு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு அண்ணனிடம் வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்கற மாதிரிதானே சொல்லப்போற. சொல்லு.”

“பொண்ணு போற கார்ல போன் நம்பர் எழுதியிருக்கு. ‘மாணவர்களுக்குச் சலுகை’ன்னு எழுதியிருக்கு. பின்னாடி ‘கத்துக்கறாங்க’ன்னு வேற எழுதியிருக்கு. சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியை. அவங்க தங்கச்சி டாக்டர். அவங்க முன்னாடி நம்ம பொண்ணை விளம்பரப் பலகைல வச்சு அனுப்புறதா?”

“எடுத்துடறேன்.”

“எதை?”

“எழுத்தையெல்லாம். ஸ்டிக்கர்தானே? உரிச்சு, கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு ஏத்தி நிறுத்தறேன். அந்த வெள்ளைக் கார்க்காரன் வெக்கப்பட்டுட்டு ஒரானுக்கே திரும்பிடுவான்.”

“ஒரே ஒரு எழுத்து தெரிஞ்சாலும் அவ வெள்ளைக் கார்லதான் ஏறுவா. சம்மதமா?”

“சம்மதம்.”

“வல்லாஹி?”

“வல்லாஹி.”

சத்தியம் பண்ணிவிட்டார். என் தொழிலில் இப்படிப்பட்ட இடத்தில்தான் ‘தொடரும்’ போடுவோம். இங்கே போடப்போவதில்லை. நேரே ஹேர் டிரையருக்குப் போகலாம்.

4

ஹேர் டிரையர் பூஅலெமுடையது. பூஅலெம் எதிர்வீடு. சலூனை மருமகனிடம் கொடுத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியோடு நாள் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர். உதவி செய்யமாட்டார். ஆனால் இல்லாமல் இருக்கவும் மாட்டார்.

“ஊர் மாப்பிள்ளைங்க தலையெல்லாம் காய்ஞ்ச மிஷின் இது. இன்னிக்குக் கதவு காயுது. காலம்டா ஸுபைர்.”

“வயரை மிதிக்காம உக்காரு.”

“கன்னம் சிவக்கற அளவுக்குச் சூடு காட்டாத. கஸ்டமர் எந்திரிச்சு ஓடிடுவான்.”

சூடு பட்டதும் ஸ்டிக்கர் இளகியது. ஓரத்தை நகத்தால் கிளப்பி, தோல் உரிப்பதுபோல் மெல்ல இழுத்தார் ஸுபைர். முழு எழுத்தாகக் கையோடு வந்தது. அடுத்தது. அடுத்தது. ஒட்டியிருந்த பசையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தார். முதல் கதவு முடிந்தது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

“பூஅலெம்.”

“ம்?”

“எழுத்தை எடுத்துட்டேன்.”

பூஅலெம் கண்ணைச் சுருக்கினார். “எங்கடா எடுத்த? அங்கேயேதானே இருக்கு!”

இருந்தது. இத்தனை வருஷக் கடற்கரை வெயிலில் கார் வெளுத்து, சாயம் போன சட்டை நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வெயில் நுழையவில்லை. அங்கே, வாங்கிய அன்று இருந்த அதே அடர்நீலம். ஸ்டிக்கர் போய்விட்டது. எழுத்து காரின் உடம்பிலேயே இருந்தது. முன்பைவிட அழகாக.

“இப்பதான் தெளிவாப் படிக்க முடியுது,” என்றார் பூஅலெம். “முன்னாடி ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு.”

5

(ஒரு நிமிஷம். இந்த இடத்தில் எனக்கு என் கதாநாயகன்மேல் சந்தேகம் வந்தது. நல்ல சந்தேகம்தான், கேளுங்கள்.

இவர் ஏன் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை? தங்கையிடம் போய், “முடியல ஹூரியா, வெள்ளைக் கார்லயே அனுப்பு” என்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் நடக்கும். வசீலா கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பிறகு மறந்துவிடுவாள். ஒரு மனிதன் கடைசிவரை முட்டி மோத வெறும் வாக்கு போதுமா? என் வாசகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறைந்தது ஒரு வைரமாவது வேண்டும் என்பார்கள்.

காரணம் வேண்டுமென்று நானும் தேடினேன். நான் அவரிடம்தான் ஓட்டக் கற்றவன், ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காரில் எல்லாம் இரண்டிரண்டு: ஸ்டீயரிங் இருக்கும் இடப்புறம் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் வலப்புறம் உட்காரும் ஸுபைர் காலடியில் இன்னொன்று. நாள் முழுக்க அவர் யார் யாரையோ ஓட்டவைத்து, யார் யாரோ போகிற இடத்துக்குப் போகிறார். கறிக்கடைக்குப் போவதென்றால்கூட ஒரு மாணவனுக்குப் பாடம் அந்தப் பக்கமாக அமையும். கல்யாண ஊர்வலம் எதிரே வந்தால், ஒதுங்கி நில்லுங்க என்பார். ஊர்வலம் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோகும்வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் காரை மட்டும் பார்ப்பார். மற்றதைப் பார்க்கமாட்டார்.

எனக்கு இது போதும். வைரம் வேண்டுமென்பவர்கள் என் மற்றத் தொடர்களைப் படிக்கலாம்.

இன்னொரு விஷயம். ஒரே பிரேக் உள்ள காரை வைத்துக்கொண்டு பதினாறு வாரம் தொடர்கதை ஓட்டியிருக்கிறேன். இரண்டு பிரேக் உள்ள கார் கையில் கிடைத்தும் பிரேக் ஒயரை யாரும் அறுக்கப்போவதில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.)

6

பாலிஷ் போட்டால் போய்விடும் என்று ஸுபைர் நம்பினார். பாலிஷுக்கு முன்னால் கழுவ வேண்டும். மண்துகள் ஒன்று இருந்தாலும் துணிக்கடியில் சிக்கிக் கோடு போட்டுவிடும்.

குழாயில் அன்று தண்ணீர் வராத நாள். மாடித் தொட்டியில் இருந்ததுதான் கல்யாண வீட்டுக்கு மொத்தமும். ஸுபைர் இரண்டு வாளியை நிரப்பிக்கொண்டு படியிறங்கியபோது ஹூரியா மறித்தாள்.

“எங்க போகுது அது?”

“காருக்கு.”

“மேல நாலு சட்டி கூஸ்கூஸ் ஆவிக்குத் தண்ணி இல்லாம காஞ்சு கிடக்கு. விருந்தாளிங்க காரை நக்கிட்டுப் போவாங்களா?”

“ஒரு வாளி சோப்புக்கு, ஒரு வாளி ஸ்பாஞ்ச் அலசறதுக்கு. ரெண்டே ரெண்டு. ஹோஸ் போட்டேனா? போடலையே.”

“ஹோஸ் போட்டிருந்தா உன்னையே அதுல கட்டியிருப்பேன்.” வாளியைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். “எழுத்து போயிடுச்சா?”

“போகுது,” என்றார் ஸுபைர். அது பொய் இல்லை. எதிர்காலம்.

நிழல் சுவரோரம் காரைத் தள்ளிக் கொண்டுவந்தார். கூரையில் ஆரம்பித்தார். கூரை, கண்ணாடி, பானெட், கதவு, கடைசியில் அழுக்குப் பிடித்த அடிப்பக்கம். ஸ்பாஞ்சை ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வாளியில் அலசிப் பிழிந்து, பிறகுதான் சோப்பில் தோய்த்தார். மாணவர்கள் கிளட்சில் காட்டாத பொறுமை அவர் கையில் இருந்தது. தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புப் புள்ளி விழும், அதற்குள் மென்துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு பாலிஷ்: சின்னச் சின்ன வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாமல்.

வெளுத்த நீலம் மினுங்கியது. உண்மையிலேயே மினுங்கியது. எழுத்து அதைவிட மினுங்கியது.

“தேய்க்கத் தேய்க்கப் பளபளக்குதுடா,” என்றார் பூஅலெம். நாற்காலியோடு கொஞ்சம் கிட்டே வந்திருந்தார். “பாவம், மேல இருக்கறது அழுக்குன்னு நெனச்சிட்ட. நிறமே போயிடுச்சு. என் தலைல முடி போன இடத்தைத் தேய்ச்சா முடி வருமா? பளபளப்புதான் வரும்.”

“வாயை மூடு.”

“மூடிட்டா யார் பேசுவா? நீ கடைசியா இந்தக் காரை நீயே ஓட்டினது எப்போ?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

[பூஅலெமின் அந்தக் கேள்வியை நான் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவைக்கிறேன். தொடர்கதைக்காரன் எதையும் சும்மா விட்டுவைக்க மாட்டான் என்று உங்களுக்கே தெரியும்.]

மாலையில் வசீலா இறங்கி வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி. கைகளை முன்னால் நீட்டியபடி, எதையும் தொடாமல், காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். எழுத்தைப் பார்த்தாள். மாமா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள்.

“அம்மா பார்த்தாங்களா?”

“இன்னும் இல்ல. மெழுகு போட்டா மங்கிடும்.”

“மெழுகு போட்டா மங்குமா மாமா?”

“...இல்ல. இன்னும் பளிச்சுன்னு ஆகும்.”

“அப்ப ஏன் போடறீங்க?”

ஸுபைர் டப்பாவைத் திறந்து, துணியில் கொஞ்சம் மெழுகு எடுத்தார். “கல்யாணக் கார்ல மெழுகு இல்லாம எப்படிம்மா?”

அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு வெள்ளையாகப் பூக்கும்வரை காத்திருந்தார்கள். பூத்ததும் ஸுபைர் துடைத்தார். மறுபடி பூசினார். மூன்றாவது கோட் முடிந்தபோது சந்து முழுக்கக் கதவில் தெரிந்தது: எதிர்வீட்டுக் கொடித்துணி, பூஅலெமின் வழுக்கை, நீட்டிய கைகளோடு வசீலா. அதற்கு மேலே, எல்லாவற்றையும்விடத் தெளிவாக, ‘நவ்ரஸ்’.

“ரிப்பன்,” என்றாள் வசீலா. “அகலமான வெள்ளை ரிப்பன் கதவு மேல ஒட்டிட்டா மூடிடும். பானெட்ல பூ. டிக்கில வலைத்துணி. எல்லாக் கல்யாணக் கார்லயும் ஒட்டறதுதானே? யாருக்கும் சந்தேகம் வராது.”

ஸுபைர் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனார். மருதாணி என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

7

வியாழக்கிழமை, கல்யாண நாள். இங்கேதான் நான் நான்கு தடவை கிழித்துப்போட்டேன். நடந்ததை அப்படியே எழுதுவது கற்பனை பண்ணுவதைவிடக் கஷ்டம். ஏனென்றால் நடந்தது, நானே கற்பனை பண்ணியிருந்தால் நீங்கள் நம்பாத மாதிரி இருக்கிறது.

மதியம் ஸுபைர் ரிப்பனை ஒட்டினார். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். அழுத்தித் தேய்த்தார். நின்றது. பூங்கொத்து, கடற்புறாவின் மேலே. வலைத்துணி, ‘கற்றுக்கொள்கிறார்கள்’ மேலே. ஹூரியா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை. வாயில் கைவைத்துக் குலவையிட்டாள். ஸுபைர் சட்டை மாற்றப் போனார்.

மூன்று கோட் மெழுகு.

டேப்புக்கு மெழுகைப் பிடிக்காது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸுபைருக்கும் தெரியும். நாளெல்லாம் கார் ஸ்டிக்கரோடு வாழ்ந்தவர், கல்யாணப் பரபரப்பில் மறந்துவிட்டார். முதலில் இடப்பக்க ரிப்பனின் ஒரு முனை விட்டது. அப்புறம், அவசரமேயில்லாமல், ரிப்பன் முழுதும் வழுக்கிக்கொண்டு தரையில் இறங்கி உட்கார்ந்தது. பூங்கொத்து பானெட்டின் சரிவில் மெல்ல நகர்ந்து, விளிம்பில் கொஞ்சம் யோசித்து, விழுந்தது. வலைத்துணியைக் காற்று கொண்டுபோனது. பூஅலெம் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு கையால் வலப்பக்க ரிப்பனைப் பிடித்துக்கொண்டார். அவர் உதவி செய்து நான் பார்த்த ஒரே தடவை அது.

“ஸுபைர்! வாடா! எவ்வளவு நேரம்தான் பிடிச்சிட்டு நிப்பேன்!”

அப்போது சந்து முனையில் ஹாரன் சத்தம். ஒரானிலிருந்து ஊர்வலம் வந்துவிட்டது.

முன்னால் நீள வெள்ளைக் கார். எங்கள் சந்தின் திருப்பத்தில் பாதி நுழைந்து, பாதி நுழையாமல் நின்றது. அதிலிருந்து சம்பந்தியம்மா ஸக்கியா இறங்கினார். பொன்னிறக் கஃப்தான் அங்கி, மூக்குக்கண்ணாடி, பள்ளிக்கூடமே எழுந்து நிற்கிற நடை.*

அதே நேரம் வீட்டு வாசலில் ஸுபைர், தலைமூடி வைத்த வெள்ளைக் கம்பளி அங்கியை வசீலாவின் தோளில் போர்த்தி, வலது கையை உயர்த்தி நின்றார். பெண் வீட்டைவிட்டுப் போகும்போது பெரியவர் கைக்கு அடியில் குனிந்து வர வேண்டும். குலவை. வசீலா குனிந்து வந்தாள், நிமிர்ந்தாள். ஹூரியா அவளுக்குப் பின்னால் வந்தாள். காரைப் பார்த்தாள்.

குலவை நின்றது.

“அண்ணே,” என்றாள் ஹூரியா, மிக மெதுவாக. “வல்லாஹின்னு சொன்ன.”

ஸுபைர் உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை.

ஹூரியா மூச்சை இழுத்துக்கொண்டாள். சம்பந்தி பக்கம் திரும்பினாள். “சம்பந்தியம்மா, பொண்ணு உங்க கார்லயே —”

ஸக்கியா அவளைக் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நீலக் காருக்கு அருகே போனார். கதவைப் படித்தார். பானெட்டுக்கு வந்து கடற்புறாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு நின்ற மனிதனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

“நவ்ரஸ் மாஸ்டர்,” என்றார். “மீசை எங்க?”

_______
* ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது: பெண் கேட்டு வந்தபோது இந்த அம்மாளும் ஸுபைரும் பார்த்துக்கொள்ளவில்லையா? இல்லை. பெண்கள் உள்ளறையில், ஆண்கள் முன்னறையில். நடுவே ஒரு சுவரும் நிறையப் பாதாம் பலகாரமும்.

8

இங்கே உங்களுக்கு முடிவுகள் தருகிறேன். தொடர்கதையில் இந்த வசதி கிடையாது, அனுபவியுங்கள்.

முடிவு ஒன்று: ஸக்கியா அம்மாள் முகம் சுளிக்கிறார். வசீலா வெள்ளைக் காரில் போகிறாள். நீலக் கார் கடைசியில், தனியாக, இடைவெளி விட்டுப் பின்தொடர்கிறது. கடலில் சூரியன். [வேண்டாம். எழுதிய கை எனக்கே வலித்தது.]

முடிவு இரண்டு: வெள்ளைக் காரின் டிக்கியிலிருந்து சொட்டுச் சொட்டாக — [வேண்டாம் என்று சொன்னேனே.]

முடிவு மூன்று, நான் சன்னலிலிருந்து பார்த்தது:

“எடுத்துட்டேன்,” என்றார் ஸுபைர். “மீசையை.”

“எழுத்தைவிட அது நல்லா எடுபட்டிருக்கு.” ஸக்கியா அருகே வந்தார். “நான் இந்த ஊர்ல வாத்தியார் வேலைக்கு வந்த புதுசு. மேட்டுல வண்டி நிறுத்தி எடுக்கச் சொன்னீங்க. பின்னாடி உருண்டுச்சு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

ஹூரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

“...நிறையப் பேர்கிட்ட நிறையச் சொல்லியிருக்கேன்,” என்றார் ஸுபைர்.

“‘டீச்சரம்மா, ஆட்டுக்குட்டிகூட மேட்ட பார்த்தா முன்னாடிதான் போகும்.’ நடுரோட்டுல. என் ஸ்டூடன்ட்ஸ் பார்த்துட்டிருந்தாங்க.”

பூஅலெம் ரிப்பனைக்கூட விட்டுவிட்டார். அதுவும் வழுக்கி விழுந்தது.

“மன்னிச்சிருங்கம்மா.”

“மன்னிக்கிறதாவது! அன்னிக்கு ராத்திரியெல்லாம் திட்டினேன் உங்களை. மறுநாள் பாஸ் பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் எந்த மேட்டுலயும் என் வண்டி உருளல.” நீலக் காரின் பின்கதவைத் திறந்தார். கைப்பிடி கொஞ்சம் வழுக்கியது. “நல்ல மெழுகு. ஏறி நகர்ந்து உக்காரும்மா வசீலா, நானும் இதுல வரேன். இவர் ஓட்டறாரா இல்லையான்னு பின்னாடி உக்காந்து நான் பார்க்கணும். ஒரு தப்புப் பண்ணட்டும், நானும் ஒரு ஆட்டுக்குட்டி வச்சிருக்கேன்.”

“சம்பந்தியம்மா,” என்றாள் ஹூரியா, குரல் உடைந்து. “எழுத்து...”

“எழுத்துக்கென்ன? அதைப் படிச்சுதானே ஆளைக் கண்டுபிடிச்சேன். டாக்டர் தங்கச்சி, நீயும் வா! வெள்ளைக் கார்ல பூவை வச்சு அனுப்பு, அதுக்கும் வாடகை குடுத்தாச்சே!”

வசீலா ஏறினாள். சிரித்தாளா அழுதாளா என்று இங்கிருந்து தெரியவில்லை, அங்கியின் தலைமூடி மறைத்தது. அவளுக்கு ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் அம்மா. டாக்டருக்கு இடமில்லை. குலவை மறுபடி எழுந்தது, எதிர்வீடு, பக்கத்துவீடு, மாடி எல்லாவற்றிலிருந்தும். பின்னால் ஊர்வலம் முழுக்க ஹாரன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீலக் கார் ஒரு ஊர்வலத்தின் முதல் கார்.

ஸுபைர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். பெல்ட் மாட்டினார். தன் பக்கத்துக் கண்ணாடியைச் சரிபார்த்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“ம். வண்டியை எடுங்க,” என்றார்.

யாரும் எடுக்கவில்லை.

வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் உட்கார்ந்த அதே சீட்டில். ஓட்டுகிறவர் சீட் காலி.

தெருவில் பூஅலெம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பின்சீட்டில் மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸக்கியா அம்மாள் வாயைத் திறந்தார். ஆட்டுக்குட்டி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

9

இதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை.

பூஅலெம் சொல்லுவார், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஸுபைர் இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்தார் என்று ஒரு தடவை. வசீலா கஃப்தானைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முன்னால் தாவினாள் என்று ஒரு தடவை. தலைமையாசிரியையே ஓட்டினார், அந்த மேட்டில் நிறுத்தி எடுத்துக் காட்டினார் என்று ஒரு தடவை. மூன்றும் நல்ல முடிவுதான். என்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தவிர, நான் பார்த்தபோது அந்த சீட் காலியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே நீங்கள் வாருங்கள். இடப்பக்கக் கதவு திறந்தே இருக்கிறது. கைப்பிடி வழுக்கும், பார்த்து. சாவி அதிலேயே இருக்கிறது. பின்னால் ஊர்வலம் ஹாரன் அடிக்கிறது, பதறாதீர்கள், அது கோபமில்லை, கல்யாணம். டிக்கியில் எழுதியிருக்கிறது, படித்துவிட்டு இடைவெளி விடுவார்கள்.

லைசென்ஸ் இல்லையா? அதனால் என்ன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. இதோ, உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்:

“கிளட்சை மெதுவா விடுங்க.”